இன்று எங்கே நிற்கிறாய்?

1999 டிசம்பரில், உயர்நிலைப்பள்ளி இறுதியில் வரும் சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருந்த பதினாறு வயதில், சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு கடைத்தொகுதியின் தரைத்தளத்தில் இருந்த விரைவு உணவகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். மணிக்கு 3 வெள்ளி 50 காசு சம்பளம். சீருடையை மாற்றிக்கொண்டு, தலைமுடியை வலைக்குள் அடக்கி, பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த சீன ஆன்ட்டி ஒருவர் கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கேர்ள், டுடே யூ ஸ்டாண்ட் வேர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சுவரில் ஒட்டியிருந்த தாளில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, "கவுன்டர்" என்று சொல்லிவிட்டு, என் தொப்பியை நேராக்கிவிட்டார்.

அந்தக் கேள்வியை அதன் பிறகு பல ஆண்டுகள் நாள்தோறும் கேட்டிருக்கிறேன்; நானும் பிறரிடம் கேட்டிருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடியும் வரை அதே கடையில் வேலை செய்தேன். பிறகு அலுவலக வேலை, திருமணம், இரண்டு குழந்தைகள். 2016இல் செங்காங்கில் வேறொரு நிறுவனத்தின் கிளையில் ஷிஃப்ட் மேனேஜராகத் திரும்பிச் சேர்ந்து 2023 வரை இருந்தேன். அண்மையில் என் அக்காள் மகள் தன் முதல் வேலையாக ஒரு விரைவு உணவகத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அது எத்தகைய வேலை என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல உட்கார்ந்தேன். எனக்கு யாரும் தமிழில் அதைப் பற்றி விரிவாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நம் வீடுகளில் அது விடுமுறையில் பிள்ளைகள் கைச்செலவுக்குப் போகும் வேலை, அல்லது வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகும் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர் குறைவு.

என் அம்மா கேட்டார். ஆனால் அவர் கேட்டது, "மாட்டெறச்சிய நீ தொடணுமா?" என்பது. கையுறை போட்டுக்கொள்வோம் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை, வீடு திரும்பியதும் குளித்த பிறகே சாமி மாடத்தின் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். அந்தக் கடையின் மேனேஜர் ஒரு மலாய்ப் பெண்மணி. என் பெயரைப் பார்த்ததுமே, கவுன்டரையும் கோழி வறுக்கும் இடத்தையும் முதலில் கற்றுக்கொள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று தாமாகவே சொன்னார். கருணைத் தெய்வமான குவான் யின்னை வழிபடும் சீனக் குடும்பங்கள் சிலவற்றிலும் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதும், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் அப்படித்தான் இடம் ஒதுக்குவார் என்பதும் எனக்குப் பிறகு தெரியவந்தது. இதற்கென எந்த விதிமுறையும் எழுதப்பட்டிருக்கவில்லை. வார அட்டவணையில் யார் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசிக்கும் ஐந்து நிமிடத்தில் அவர் எங்கள் வீடுகளையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து நானே கேட்டு, மாட்டிறைச்சி சுடும் கிரில் முன்னால் நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குளிச்சிட்டுத்தானே வர்றே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆன்ட்டிதான். அவருக்கு ஹாக்கியன் என்ற சீன வட்டார மொழியும் கொஞ்சம் மலாயும் தெரியும். ஆங்கிலம் பத்து இருபது சொற்கள். எனக்குத் தமிழும் ஆங்கிலமும். இருவருக்கும் பொதுவான மொழி என்று சொல்ல ஒன்றும் இல்லாத நிலையிலும் ஒரே பிற்பகலில் அவர் எனக்கு வறுக்கும் இடத்தின் முழு வேலையையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகளைக் கூடையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது; நிரப்பினால் எண்ணெயின் சூடு இறங்கி, துண்டுகள் வறுபடாமல் எண்ணெய் குடிக்கும். இறக்கிய அரை நிமிடத்தில் கூடையை ஒருமுறை குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் மணி ஒலிக்கும். தூக்கி, எண்ணெய் வடியும் வரை பத்து எண்ணி, தட்டில் கொட்டி, உப்பை ஒரே வீச்சில் தூவ வேண்டும். ஏழு நிமிடத்துக்குள் விற்காததை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். இவை அனைத்தையும் அவர் விரல்களாலும் கண்களாலும் "நோ, நோ", "குட்" என்ற இரண்டு சொற்களாலும் கற்பித்தார்.

இப்படிப்பட்ட வேலை மனிதரை இயந்திரமாக்கிவிடுகிறது என்று சொல்வோர் உண்டு. அந்தக் கருத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஒவ்வோர் அசைவும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதால்தான் பதினாறு வயதுப் பெண்ணும் அறுபது வயதுப் பெண்மணியும், மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்தவரும் சீனாவிலிருந்து வந்தவரும், ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாமலே தோளோடு தோள் நின்று நெரிசல் நேரத்தைத் தாண்ட முடிகிறது. கோழித் துண்டின் நடுப்பகுதி 75 டிகிரி சூட்டை எட்ட வேண்டும், சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே நிற்கக்கூடாது, குளிர்பெட்டி 5 டிகிரியைத் தாண்டக்கூடாது என்ற எண்கள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. சரியாகச் செய்தால் நேற்று வந்தவளும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே தரத்தில் உணவைத் தருவார்கள். பள்ளியில் எதிலும் முதலிடம் பிடிக்காத எனக்கு, ஒரு வேலையைத் துல்லியமாகச் செய்வதில் இருக்கும் நிறைவை முதன்முதலில் தந்தது அந்த எண்ணெய்ச்சட்டிதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று மேனேஜர் பயிற்சியின்போது படித்தேன். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் உணவகத்தைச் சில மாதங்கள் மூடி, உணவுப் பட்டியலைச் சுருக்கி, சமையலறையை அடியோடு மாற்றினார்கள். பிறகு புதிய சமையலறை ஒன்றைத் திட்டமிட்டபோது, டென்னிஸ் திடலில் அதை முழு அளவில் சாக்கட்டியால் வரைந்து, ஊழியர்களை அதில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். ரொட்டி எடுப்பதுபோலவும் இறைச்சியைப் புரட்டுவதுபோலவும் அவர்கள் நடந்து காட்ட, யார் யாரோடு மோதிக்கொள்கிறார்கள், யாருக்கு ஓர் அடி கூடுதலாக எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கோடுகளை மாற்றினார்களாம். அதே பெயரிலான நிறுவனம் 1979இல் ஆர்ச்சர்ட் சாலையின் லியட் டவர்சில் சிங்கப்பூரின் முதல் கிளையைத் திறந்தது. நான் அந்த நிறுவனத்தில் வேலை செய்ததில்லை. ஆயினும் நான் நின்ற இரண்டு சமையலறைகளும் அந்தச் சாக்கட்டிக் கோட்டின் பேரப்பிள்ளைகள்தாம். வேலை செய்பவரின் காலடியைப் பின்தொடர்ந்து போட்ட கோடு அது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

கையேட்டில் இல்லாத வழக்கங்களும் இருந்தன. யாருடைய முதுகுக்குப் பின்னால் கடந்தாலும் "பிஹைன்ட்" என்று குரல் கொடுக்க வேண்டும்; சூடான தட்டு கையில் இருந்தால் "ஹாட்". புதிதாக வந்த பிள்ளையிடம் வாடிக்கையாளர் கத்தினால், மூத்தவர் ஒருவர் தம் இடத்தை விட்டு வந்து பக்கத்தில் நின்றுகொள்வார். எதுவும் பேச மாட்டார், வெறுமனே நிற்பார். தீபாவளிக்கு எங்களுக்கு விடுப்பு கிடைக்கச் சீன நண்பர்கள் எங்கள் ஷிஃப்டை எடுத்துக்கொள்வார்கள். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் நாங்களும் மலாய்க்காரர்களும் கடையைத் தாங்குவோம். கடை ஹலால் சான்றிதழ் பெற்றது என்பதால் வெளி உணவை உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. ஆகவே அம்மா சுட்ட முறுக்கை அக்கம்பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்துகொண்டோம்.

நோன்பு மாதத்தில் மாலை ஏழு மணிவாக்கில் கடை நிரம்பி வழியும். நோன்பு துறக்க வரும் குடும்பங்கள் உணவுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். அதே நேரத்தில்தான் எங்கள் முஸ்லிம் ஊழியர்களும் நோன்பு துறக்க வேண்டும். யாரும் சொல்லாமலே ஏழு மணிக்கு நாங்கள் இடம் மாறிக்கொள்வோம். ஆன்ட்டி வறுக்கும் இடத்தையும் கோழியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்; நான் இரண்டு கல்லாவுக்கும் நடுவே ஓடுவேன்; பின்னால் பொருள் வைக்கும் அறையில் அவர்கள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஆள் போதுமானதாக இருந்தது. ஒருவர் நகர்ந்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் இருந்தார்.

2016இல் நான் திரும்பி வந்தபோது மாறியிருந்தது இந்தக் கடைசி விஷயம்தான். மணி ஒலிப்பதும் எண்ணெயின் சூடும் அப்படியே இருந்தன. அட்டவணையை மட்டும் இப்போது கணினி எழுதியது. சென்ற ஆண்டு இதே நாளில், சென்ற வாரம் இதே கிழமையில் எவ்வளவு விற்றது என்பதை வைத்து, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எவ்வளவு விற்கும் என்று அது கணிக்கும். அந்த விற்பனையில் இத்தனை விழுக்காட்டுக்குமேல் சம்பளம் போகக்கூடாது என்ற வரம்பை வைத்து, எத்தனை பேர் நிற்கலாம் என்று சொல்லும். கணிப்பைவிட விற்பனை குறைந்தால் பகுதிநேர ஊழியர் ஒருவரை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பப்படுபவர் அத்தனை மணி நேரச் சம்பளத்தை இழப்பார். கணிப்பைவிட விற்பனை கூடினால் புதிதாக யாரும் வரப்போவதில்லை. இருப்பவர்கள் ஓட வேண்டும்.

வாசலில் வாடிக்கையாளர் தாமே ஆர்டர் செய்யும் தானியங்கித் திரைகள் வந்தன. பிறகு கைப்பேசிச் செயலிகள் வழியாக வீட்டு விநியோக ஆர்டர்கள் வந்தன. முன்பெல்லாம் நெரிசல் கண்ணுக்குத் தெரியும். கல்லாவின் முன்னால் வரிசை நீண்டால் நாங்களும் பார்ப்போம், வரிசையில் நிற்பவரும் எங்களைப் பார்ப்பார், பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். இப்போது கடையில் நான்கு பேர் அமைதியாக உட்கார்ந்திருக்க, சமையலறைத் திரையில் முப்பது ஆர்டர்கள் சிவப்பாக மின்னும். சிங்கப்பூரில் மாலை மழை பெய்தால் கடைக்கு வருவோர் குறைவார்கள், வீட்டிலிருந்து ஆர்டர் செய்வோர் பெருகுவார்கள், அதை எடுத்துச்செல்ல வரும் ஓட்டுநர்களோ மழையில் தாமதமாவார்கள். கட்டிமுடித்த பைகள் அலமாரியில் ஆறிக்கொண்டிருக்கும். முகம் தெரியாத யாரோ ஒருவர் கொடுக்கும் ஒற்றை நட்சத்திரம் மறுநாள் காலை வட்டார மேலாளரின் தொலைபேசி அழைப்பாக எனக்கு வந்து சேரும்.

நான் செய்த ஒரு தவற்றை இங்கே எழுதியாக வேண்டும். 2018இல் ஒரு மாதக் கடைசியில், சம்பள விழுக்காடு வரம்பைத் தாண்டிவிட்டது என்று மேலிருந்து செய்தி வந்தது. கடை மூடும் மூவரையும் 11 மணிக்கு வருகைப்பதிவை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீதி வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்லும்படி எனக்குக் கட்டளை. நான் அதை அப்படியே மூவரிடமும் சொன்னேன். தரை துடைக்கும் கட்டையைப் பிடித்தபடி நின்ற மக்சிக் (மலாய் ஆன்ட்டி) ஒருவர், அறுபத்து நான்கு வயதானவர், "ஜாம் சாயா மாச்சாம் மானா, டிக்?" என்று கேட்டார். என் மணிநேரம் என்ன ஆகும் தங்கச்சி என்று பொருள். இருபது நிமிடம்தான் என்று சொன்னேன். எண்ணெயை வடிகட்டி, ஐஸ்கிரீம் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி, தரையைத் துடைத்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. அவருடைய கடைசிப் பேருந்து போய்விட்டது. என் பணத்தில் டாக்சி ஏற்றி அனுப்பினேன். ஆனால் அவருக்குச் சேர வேண்டியிருந்தது டாக்சிக் கட்டணம் அன்று, ஐம்பது நிமிடச் சம்பளம் என்பது அன்றிரவு படுத்த பிறகும் என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் மூவருக்கும் உண்மையான நேரத்தைப் பதிவில் எழுதிக் கையொப்பமிட்டேன். வட்டார மேலாளர் வந்து கேட்டபோது, வேலை செய்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம் என்றேன். வேலை நியமனச் சட்டத்தை அதற்குமுன் நான் வாசித்ததில்லை; அந்த வாரம்தான் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உட்கார்ந்து வாசித்தேன். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர் என்பதும், அவருக்கும் விடுப்பும் மத்திய சேமநிதியும் உண்டு என்பதும் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. அந்த ஆண்டு என் பணித்திறன் மதிப்பீடு இறங்கியது. அதன் பிறகு அப்படியொரு கட்டளையை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை சொன்னேன் என்பது மாறாது.

கிரிலில் நின்ற அண்ணன் ஜோகூர் பாருவிலிருந்து வருபவர். அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டி, ஆறரைக்குக் கடையின் விளக்கைப் போடுபவர் அவர்தான். கொரோனா தொற்றால் 2020 மார்ச் 18 முதல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது, ஒரே ஒரு பையோடு இந்தப் பக்கம் வந்தார். இரண்டு வாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஈசூனில் ஓர் அறையில் நால்வரோடு தங்கினார். ஏப்ரல் 7 முதல் கடைக்குள் உட்கார்ந்து உண்பது நின்றது. ஊழியர் சிலருக்குத் தொற்று கண்டதை அடுத்து மெக்டொனால்ட்ஸ் ஏப்ரல் 19 முதல் தீவெங்கும் தன் கடைகளை மூன்று வாரம் மூடியபோது, எங்கள் திரையில் ஆர்டர்கள் நிற்காமல் வந்தன. முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, அந்த அண்ணன் கிரில், ரொட்டி சுடும் இயந்திரம் இரண்டையும் தனியாகப் பார்த்துக்கொண்டார். இடைவேளையில் பின்கதவுப் படியில் உட்கார்ந்து மகளோடு காணொளியில் பேசுவார். அந்தக் குழந்தைக்கு அப்போது மூன்று வயது. 2021 நவம்பர் இறுதியில் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தரைவழிப் பயணம் திறந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது, மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாளாம். "வெளியாளுன்னு நெனச்சிட்டா, தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். கைகள் அப்போதும் கிரிலைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

2023 மார்ச் 1 முதல் உணவுச் சேவைத் துறைக்கும் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. மக்சிக்கின் சம்பளச் சீட்டில் அந்த உயர்வைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பயிற்சியையும் சம்பளத்தையும் இணைத்தது நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. அதே கிரிலில் நின்ற அண்ணன் அந்தக் கணக்கில் வரவில்லை. எங்கள் கடையில் சம்பள விழுக்காட்டு வரம்பும் பழையபடியே இருந்தது. மணிக்கு உரிய சம்பளம் ஏறியது. அட்டவணையில் மணிகள் குறைந்தன. முன்பு வெள்ளிக்கிழமை மாலையில் எட்டுப் பேர் நின்ற சமையலறையில் ஐவர் நின்றோம். கூடை குலுக்கும் நேரமும் ஏழு நிமிட விதியும் எட்டுப் பேருக்காக எழுதப்பட்டவை. ஐவர் அதைக் கடைப்பிடிக்க முயலும்போது, எனக்குப் பதினாறு வயதில் துணையாக இருந்த அதே மணியோசை விரட்டும் குரலாக மாறிவிட்டது. ஆன்ட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த "பத்து எண்ணுவது" முதலில் போனது. எண்ணெய் சொட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதில் ஒரு மாணவனின் முன்கையில் நீளவாக்கில் சூடு பட்டது. ஓடும் தண்ணீரில் அவன் கையைப் பிடித்தபடி இருபது நிமிடம் நின்றேன். திரையில் ஆர்டர்கள் சிவந்துகொண்டே போயின. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

டென்னிஸ் திடலில் நடந்து பார்த்ததுபோல, அட்டவணை எழுதும் கணினியின் பின்னால் இருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து எங்கள் காலடிகளைப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று விலகல் கடிதத்தில் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை.

அக்காள் மகளுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. வழுக்காத காலணி வாங்கு, வருகைப்பதிவு நேரத்தைக் கைப்பேசியில் தனியாகக் குறித்து வைத்துக்கொள், சூடு பட்டால் பற்பசை தடவாதே, தண்ணீரில் பிடி என்று மட்டும் முதலில் சொன்னேன். சென்ற வெள்ளிக்கிழமை இரவு அவளுடைய இடைவேளை நேரத்தில் அழைத்தாள். பின்னால் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. யாரோ மலாயில் எதையோ கேட்க, இவள் "கமிங், கமிங்" என்றாள். இன்று எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"எல்லா இடத்துலயும்தான் சித்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.